யூதக் கோயில் அடுப்பு

என் வயதுக்காரர்களே, நாம் எல்லோரும் சம்பளமில்லாத மொழிபெயர்ப்பாளர்களாக வளர்ந்தவர்கள். வைத்தியர் முன்னால் அப்பாவின் மூலவியாதியைப் பிரெஞ்சில் விளக்கினோம். வீட்டுக்காரனிடம் ஹீற்றர் வேலை செய்யவில்லை என்று அம்மாவுக்காகக் கோபப்பட்டோம். பள்ளிக்கூடத்து ஆசிரியை நம்மைப் பற்றிச் சொன்ன குறைகளை நம் பெற்றோருக்கு நாமே மொழிபெயர்த்து, பாதியை வழியிலேயே விழுங்கினோம். இப்போது காதோரம் நரைக்கத் தொடங்கிவிட்டது. படி ஏறினால் முழங்கால் முறைப்பாடு சொல்கிறது. ஆனாலும் பன்னிரண்டு வயதில் பெரியவர்களின் வாயாக இருந்த அந்தத் திமிர் நம்மில் ஒருவரையும் விட்டுப் போகவில்லை. என்னை விட்டுப் போகவில்லை என்பதை என் புருசனிடம் கேட்டால் சொல்வார்.

அந்தத் திமிரை ஒரேயொருவர்தான் அடக்கினார். அது அம்மா. அதுவும் அடித்து அல்ல.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் போயிருக்கும். மொன்றியலில் வில்லரேயில், வெளிப்படிக்கட்டில் பனி உறைந்து கிடக்கும் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருந்தோம். அப்பா கிழமையில் ஆறு நாள் லாசாலில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஞாயிறும் அதில் அடக்கம். அந்த மாரிகாலத்தில்தான் அம்மாவுக்கு இந்த நாட்டில் முதல் வேலை கிடைத்தது. ஒரு யூதக் கோயிலின் குசினியில் ஞாயிற்றுக்கிழமைச் சமையல். சினகொக் என்று நான் பத்துத் தரம் சொல்லிக் கொடுத்தும் அம்மாவுக்கு அது கோயில்தான். "சாமி கும்பிடுற இடம் கோயில்தானே, பேந்தென்ன?" என்பார்.

வேலைக்குக் கேட்கப் போனபோது மொழிபெயர்க்க என்னையும் கூட்டிப் போனார். நீலக் கோட்டு மெட்ரோவில் கடைசித் தரிப்பு வரை போய், அங்கிருந்து பஸ். கோயிலின் நிலக்கீழ் மாடியில் பெரிய மண்டபம். அதை ஒட்டிக் குசினி. இரண்டுக்கும் நடுவே சாப்பாடு நீட்டுகிற ஒரு யன்னல். குசினிக்குப் பொறுப்பானவர் தாடிக்காரர், ஐம்பது வயதிருக்கும், ஒல்லி. அங்கே சமைப்பது எல்லாம் அவர்களுடைய சட்டப்படி நடக்கிறதா என்று பார்ப்பது மட்டுமே அவருடைய வேலை. அவர் பேசியது இங்கிலிஷ். என் இங்கிலிஷ் பள்ளிக்கூடத்தில் வந்ததல்ல, தொலைக்காட்சியில் வந்தது. அவர் இரண்டு தொட்டிகளைக் காட்டினார். சிவப்பு நாடா ஒட்டிய கரண்டியும் சட்டியும் இறைச்சிக்கு, நீல நாடா ஒட்டியவை பாலுக்கு. ஒன்றோடொன்று கலக்கவே கூடாது என்றார். இதை விளங்கிக்கொள்ள மற்றவர்களுக்கு மாதக்கணக்கு ஆகும் என்று சலித்துக்கொண்டார்.

அம்மா கேட்டுவிட்டுச் சிரித்தார். "இதென்ன பெரிய வித்தையே? எங்கட வீட்டில மச்சச் சட்டி வேற, மரக்கறிச் சட்டி வேற. வெள்ளிக்கிழமையில மச்சச் சட்டி இருக்கிற தட்டையே திரும்பிப் பாக்கமாட்டம். இவருக்குச் சொல்லு, நான் பிறந்ததில இருந்து இப்பிடித்தான் எண்டு."

சொன்னேன். அவர் புருவத்தைத் தூக்கினார். அன்றைக்கே வேலை கிடைத்தது. ஞாயிறு தோறும் மொழிபெயர்க்க நானும் கூடப் போனேன்.

முதல் ஞாயிறு காலை அம்மா ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். ஆறு வாய் உள்ள பழைய காஸ் அடுப்பு. பக்கத்தில் ஒரு ஆணியில் நீள மூக்கு லைற்றர் தொங்கியது. அம்மா அதற்குக் கை நீட்டியதுதான் தாமதம், தாடிக்காரர் ஓடிவந்து குறுக்கே நின்றார். "இல்லை, மேடம், இல்லை. நெருப்பு நான்தான்." வெட்டலாம், கழுவலாம், கிண்டலாம், உப்புப் போடலாம், அடுப்பைப் பற்றவைப்பது மட்டும் யூதர் ஒருவர்தான் செய்யவேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சாப்பாட்டை அவர்கள் ஒருவரும் தொடமாட்டார்கள், குப்பைக்குத்தான் போகும் என்றார். நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அன்றைக்கு விழுங்கியிருக்கலாம். பன்னிரண்டு வயசுக்கு எதை விழுங்குவது, எதைத் துப்புவது என்று தெரியாது.

அம்மாவின் முகம் கறுத்தது. அவர் அடுப்பைப் பற்றவைத்த நேரம் முழுவதும் அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். "முடிஞ்சுதாமோ?" என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் திரும்பினார். அந்த மாரி முழுவதும் ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். அவர் லைற்றரை எடுப்பார், அம்மா சுவருக்குத் திரும்புவார். வீட்டில் தாடிக்காரருக்கு நெருப்புக்காரர் என்று பெயர் வந்தது.

அப்பா ஒரே சொல்லில் தீர்ப்புச் சொன்னார். "தீட்டுப் பாக்கிறாங்கள். விட்டுப்போட்டு வா. எங்கட இடத்தில பெட்டி அடுக்கிற வேலை கிடக்கு."

"தீட்டுப் பாக்கட்டும். என்ர சூப்பை நக்கி நக்கித்தானே குடிக்கினம்" என்றார் அம்மா. ஆனால் அன்றிரவு கோப்பை கழுவும்போது சத்தம் வழமையைவிடக் கூடவாக இருந்தது. வேலையை விட அவருக்கு மனமில்லை. அந்தக் குசினியில் அவர் ஆருடைய பெண்சாதியும் இல்லை, ஆருடைய தாயும் இல்லை, சமையல்காரி. அது அவருக்குப் பிடித்திருந்தது. நெருப்பு மட்டும் நெஞ்சில் கிடந்து எரிந்தது.

இனி அந்த மண்டபத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அங்கே ஞாயிறு தோறும் பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. வகுப்பு என்றால் நாம் கண்ட வகுப்பு இல்லை. இருபது பேர் வரையில், எல்லோரும் பேரப்பிள்ளை கண்ட வயது. ரபி, அதாவது அவர்களுடைய குருவானவர், ஒரு பந்தியை வாசித்துவிட்டு விலகிவிடுவார். பிறகு இரண்டிரண்டு பேராகச் சோடி சேர்ந்து, அந்தப் பந்தியை நடுவில் வைத்து, மேசையைத் தட்டித் தட்டி வாதாடுவார்கள். முதல் நாள் அம்மா சாப்பாட்டு யன்னலால் எட்டிப் பார்த்துப் பயந்துபோனார். "பிள்ளை, அடிபடப் போயினம் போல கிடக்கு."

"இல்லை அம்மா, படிக்கினம்."

"இப்பிடியோ படிக்கிறது?"

எங்களுக்குக் கிட்டிய மேசையில் இரண்டு பேர். ஒருவர் ஓய்வுபெற்ற பல் வைத்தியர். யாருடைய வாயையும் திறக்கவைத்துப் பழகியவர், தன் வாயை மூடப் பழகவில்லை. அவருக்குச் சோடி, எந்த ஞாயிறும் ஒரே தொப்பியோடு வராத ஒரு பெண்மணி. அவரை நான் தொப்பி அன்ரி என்பேன். இவர் ஓம் என்றால் அவர் இல்லை என்பார். மத்தியானம் பன்னிரண்டரைக்கு அம்மாவின் சூப் வந்ததும் இருவரும் ஒரே பாணைப் பிய்த்துத் தின்பார்கள். மனுசர் சண்டை பிடித்துக்கொண்டே சினேகிதமாக இருக்கலாம் என்பதை நான் அங்கேதான் முதலில் பார்த்தேன். எங்கள் வீட்டில் சண்டை வந்தால் மூன்று நாளைக்கு ஒருவரும் கதைக்கமாட்டோம்.

ஒருநாள் பல் வைத்தியரின் கை தட்டிப் புத்தகம் கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுத்து, அதை முத்தமிட்டு மேசையில் வைத்தார். அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிறவர்கள் நாங்கள். "எங்கட ஆக்களைப் போலத்தான்" என்றார். பிறகு, ஆணியில் தொங்கிய லைற்றரைப் பார்த்து, "எல்லாத்திலையும்தான்" என்று சேர்த்துக்கொண்டார்.

அந்த வகுப்பு ஒரே புத்தகத்தை மூன்று மாரியாகப் படித்துக்கொண்டிருந்தது. மார்ச் மாதத்து ஒரு ஞாயிறு அது முடிகிறது என்றார்கள். புத்தகம் முடிந்தால் விருந்து வைப்பது அவர்கள் வழக்கம். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று அறுபது பேர் வரப்போகிறார்கள். சமையல் முழுக்க அம்மாவின் பொறுப்பு. கோழியும் பார்லியும் போட்ட சூப், உருளைக்கிழங்கு, சோறு. முந்தின இரவு அம்மா நித்திரை கொள்ளவில்லை. "சரியா வந்திட்டா வாற வருசமும் என்னைத்தான் கூப்பிடுவினம்" என்றார்.

அந்த ஞாயிறு காலை நெருப்புக்காரர் இரண்டு அடுப்பைப் பற்றவைத்தார். ஒன்றில் சூப், மற்றதில் கிழங்கு. அம்மா வழக்கம்போலச் சுவருக்குத் திரும்பி நின்று, முடிந்ததும் இந்தப் பக்கம் திரும்பினார். பத்தரை மணியளவில் வெளியே சைரன் கேட்டது.

மொன்றியலில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தத்தைச் சொல்லத் தேவையில்லை. பனி அள்ளுகிற வாகனங்கள் தெருவுக்குள் வருகின்றன, காரை எடு, இல்லாவிட்டால் இழுத்துக்கொண்டு போய்விடுவோம் என்று அர்த்தம். மண்டபத்தில் அவ்வளவு பேரும் புத்தகத்தைப் பக்கத்தில் மடித்து வைத்துவிட்டு, கோட்டின் ஒரு கையை மட்டும் மாட்டியபடி படியேறி ஓடினார்கள். ரபி ஓடினார். நெருப்புக்காரரும் ஓடினார். யூதக் கோயிலில் மிச்சம் நாங்கள் இரண்டு சைவ சமயக்காரர்.

குசினியின் வெளி யன்னல் உயரத்தில், தெருமட்டத்தோடு ஒட்டி இருந்தது. நான் ஒரு பால் பெட்டியைக் கவிழ்த்து ஏறி நின்று பார்த்தேன். சப்பாத்துகளும் சில்லுகளும் மட்டும் தெரிந்தன. பல் வைத்தியரின் கார் புதைந்து, சில்லு சும்மா சுழன்றது. பின்னால் நாலைந்து சோடிச் சப்பாத்துகள் தள்ளின. ஒரு தொப்பி உருண்டு வந்து யன்னலுக்கு முன்னால் விழுந்தது. "அம்மா, ஓடி வாங்கோ! வந்து பாருங்கோ!" என்றேன்.

அம்மாவும் ஒரு பெட்டியில் ஏறினார். தொப்பியைத் துரத்திக்கொண்டு ஒரு கை வந்தது, கிட்ட வந்ததும் தொப்பி மறுபடி பறந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தக் குசினிக்குள் அவர் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தரம். நான் யன்னலை விட்டுவிட்டு அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின்னால் 'உஸ்' என்று சத்தம். சூப் பொங்கி மூடியைத் தள்ளி, அடுப்பெல்லாம் வழிந்து, நெருப்பு அணைந்துவிட்டது.

அம்மா பாய்ந்துபோய் காஸை மூடினார். துடைத்தார். கோழி பாதிதான் வெந்திருந்தது. மணியைப் பார்த்தார், படியைப் பார்த்தார், ஒருவரும் வரவில்லை. இரண்டு நிமிடம் நின்றிருப்பார். பிறகு கோழி குத்துகிற மரக்குச்சி ஒன்றை எடுத்து, கிழங்குச் சட்டிக்குக் கீழே எரிந்த நெருப்பில் பிடித்து, அதனால் சூப் அடுப்பைப் பற்றவைத்தார். குச்சியை ஊதி அணைத்து ஒரு தட்டில் வைத்தார்.

"அம்மா! உங்களைப் பத்தவைக்க வேண்டாமெண்டு சொன்னவரெல்லே!"

"அறுபது பேருக்குப் பச்சைக் கோழியே குடுக்கிறது? வரட்டும், சொல்லுவம். களவே செய்தனான்?"

அவருக்குப் பயமில்லை. பயம் எல்லாம் எனக்கு. பன்னிரண்டு வயசு மூளை என்ன வேகத்தில் ஓடும் என்று உங்களுக்குத் தெரியும். சாப்பாடு குப்பைக்குப் போகும். அம்மாவின் வேலை போகும். அம்மா லாசாலில் பெட்டி அடுக்குவார். எல்லாம், நான் யன்னலுக்குக் கூப்பிட்டதால்.

நெருப்புக்காரர் தாடியில் பனியோடு வந்தார். மூக்கைச் சுருக்கினார். "என்ன நடந்தது?"

அம்மா நிமிர்ந்து நின்று, "சொல்லு பிள்ளை. பொங்கி அடுப்பு அணைஞ்சிட்டுது, நான்தான் திருப்பிப் பத்தவைச்சனான் எண்டு வடிவாச் சொல்லு" என்றார்.

நான் வடிவாகச் சொன்னேன். "கொஞ்சம் பொங்கி வழிந்துவிட்டது. நெருப்பு அணையவில்லை. அம்மா உடனே குறைத்துவிட்டார்."

அவர் முகம் தெளிந்தது. அம்மாவைப் பார்த்துப் பெருவிரலை உயர்த்தி, "பரவாயில்லை, பரவாயில்லை" என்றார்.

"என்னவாம்?"

"பரவாயில்லையாம்." அந்த உரையாடலில் நான் சரியாக மொழிபெயர்த்தது அது ஒன்றுதான்.

அம்மா நம்பமுடியாமல் என்னைப் பார்த்தார். "நான் பத்தினது பரவாயில்லையாமோ?"

"ஓம் அம்மா."

அம்மா கண்ணைத் துடைத்தார். வெங்காயம் எப்போதோ வெட்டி முடிந்திருந்தது. கொண்டையை அவிழ்த்து இறுக்கி முடிந்தார். அடுப்படியில் இங்குமங்கும் நடந்தார், ஒரு அங்குலம் உயர்ந்தது மாதிரி. என் பொய் இவ்வளவு நல்ல வேலை செய்திருக்கிறதே என்று எனக்குப் பெருமை வேறு. அந்தப் பெருமையை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

நெருப்புக்காரர் ஒரு விளக்குக்கு முன்னால் இருந்து, கீரை இலைகளில் பூச்சி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மண்டபத்தில் வகுப்பு மறுபடி தொடங்கியிருந்தது. சோற்றுக்குத் தண்ணீர் வைக்கவேண்டிய நேரம். அம்மா நேரே நடந்துபோய் ஆணியிலிருந்த லைற்றரை எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி 'டிக்' என்று மூன்றாவது அடுப்பைப் பற்றவைத்தார். பற்றவைத்துவிட்டு நெருப்புக்காரரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"நோ!"

அந்த மனுசர் கத்தி நான் கேட்டதேயில்லை. அவர் வந்து அடுப்பை மூடினார்.

"இப்பத்தானே ஓமெண்டவர்?" என்று கேட்டார் அம்மா. அவரிடம் அல்ல, என்னிடம். பிறகு அம்மாவுக்கு விளங்கியது. "பிள்ளை. நீ என்ன சொன்னனீ?"

முதலில் நெருப்புக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். இங்கிலிஷில் சொல்வது சுகமாக இருந்தது. அது தொலைக்காட்சியில் ஆரோ சொல்வது போலிருந்தது. அம்மாவிடம் தமிழில் சொல்ல வாய் திறந்தபோதுதான் அழுகை வந்தது. அம்மா அடிக்கவில்லை, ஏசவில்லை. என்னை விட்டு இரண்டு அடி தள்ளி நின்றார்.

நெருப்புக்காரர் இரண்டு சட்டியையும் பார்த்தார், மணியைப் பார்த்தார், சாப்பாட்டு யன்னலால் ரபியைக் கூப்பிட்டார். ரபி வந்தார். அவருக்குப் பின்னால் வகுப்பு முழுவதும் புத்தகங்களோடு வந்தது. மூன்று மாரியாகக் காகிதத்தில் இருந்த கேள்வி ஒன்று ஆவி பறக்க அடுப்பில் இருக்கிறதென்றால் விடுவார்களா?

"சந்தேகம் என்றால் கொட்டவேண்டியதுதான்" என்றார் பல் வைத்தியர்.

"எங்கே சந்தேகம்? சமைக்கிறவர் தானே பற்றவைத்ததாகச் சொல்கிறார்" என்றார் தொப்பி அன்ரி. பனியில் உருண்ட அந்தத் தொப்பி நனைந்து ஒரு பக்கம் சரிந்திருந்தது.

"சொன்னது யார்? அவரா, பிள்ளையா? பிள்ளை ஏற்கெனவே ஒரு தரம் வேறு மாதிரிச் சொல்லிவிட்டது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரபி கையைக் காட்டி அமைதிப்படுத்திவிட்டு, "எதனால் பற்றவைத்தார் என்று கேள்" என்றார். நான் அம்மாவிடம் திரும்பினேன். அம்மா என்னைத் தாண்டி நடந்தார். தட்டிலிருந்த மரக்குச்சியை எடுத்தார். நுனி கறுத்திருந்தது. அதை ரபியின் முகத்துக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். கிழங்கு அடுப்பைத் தொட்டார், குச்சியை அங்கிருந்து சூப் அடுப்புக்குக் கொண்டுபோனார். ஆணியைக் காட்டித் தலையை இல்லை என்று ஆட்டினார். இருபது பேருக்கும் விளங்கியது.

"லைற்றர் பக்கத்தில்தானே தொங்கியது, ஏன் எடுக்கவில்லை?" என்று ரபி கேட்டார். இதைக் கைகளால் சொல்ல முடியாது. அம்மா என்னைப் பார்க்காமலே சொன்னார். "தொடக் கூடாதெண்ட சாமானை நான் ஏன் தொட? எனக்கும் ரோசம் இருக்கு."

அதை ஒரு எழுத்துக் குறையாமல் மொழிபெயர்த்தேன்.

பிறகு அரை மணி நேரம் குசினிக்குள் நடந்ததுதான் நான் பார்த்த வகுப்புகளிலேயே பெரிய வகுப்பு. புத்தகங்கள் வெங்காயத்துக்குப் பக்கத்தில் விரிந்தன. பல் வைத்தியர் மேசையைத் தட்டினார், தொப்பி அன்ரி திருப்பித் தட்டினார். கடைசியில் ரபி சொன்னார்: கிழங்கு அடுப்பின் நெருப்பு நெருப்புக்காரர் வைத்தது. அதிலிருந்து எடுத்தது வேறு நெருப்பு அல்ல, அதே நெருப்புத்தான். எங்கள் வழக்கப்படி இது போதும். சூப்பைச் சாப்பிடலாம். லைற்றரால் பற்றவைத்த அடுப்பில் இன்னும் ஒன்றும் வேகவில்லை. அதை நெருப்புக்காரரே திரும்பப் பற்றவைக்கட்டும்.

என் பொய் அம்மாவின் வேலையைக் காப்பாற்றவில்லை. அம்மாவின் ரோசம் காப்பாற்றியது.

"எங்களில அப்பிடி என்ன தீட்டு எண்டு கேள்" என்றார் அம்மா. மாரி முழுக்க அடக்கி வைத்தது வெளியே வந்துவிட்டது. தீட்டு என்பதற்கு எனக்கு இங்கிலிஷ் தெரியவில்லை. உங்கள் அடுப்பில் எங்கள் கை படக்கூடாத அளவுக்கு நாங்கள் அழுக்கா என்று கேட்டேன்.

ரபி திடுக்கிட்டுப் போனார். அழுக்கு என்ற பேச்சே இதில் இல்லை என்றார். மிகப் பழைய காலத்தில், பிறத்தியாருடைய வீட்டில் சாப்பிட்டுப் பழகினால் சினேகிதம் வரும், சினேகிதம் வந்தால் பிள்ளைகள் அங்கே கலியாணம் கட்டிவிடுவார்கள், பிறகு நாம் கரைந்துபோவோம் என்ற பயத்தில் வைத்த வேலி அது என்றார்.

அம்மா கேட்டு முடித்தார். பல் வைத்தியரையும் தொப்பி அன்ரியையும் ஒரு தரம் பார்த்தார். "சாதி மாறிக் கட்டிப்போடுவினமெண்ட பயமோ? இதை முதலே சொல்லியிருக்கலாமே. எங்கட ஆக்களுக்கு இல்லாத பயமே!" என்று சிரித்தார். நான் மொழிபெயர்க்க, குசினியே சிரித்தது.

நெருப்புக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "நான் அடுப்புப் பற்றவைக்கும்போது அவர் சுவரைப் பார்த்துத் திரும்புவாரே, அது அவருடைய பிரார்த்தனை இல்லையா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். நெருப்பு மூட்டும் நேரம் சுவரைப் பார்த்து வணங்குகிறவர் என்று நினைத்து, அம்மா திரும்பும் வரைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் சத்தமில்லாமல் மரியாதையாகக் காத்து நின்றாராம். ஒரு மாரி முழுவதும் ஒருவர் கோபத்தில் திரும்பி நிற்க, மற்றவர் அதைப் பக்தி என்று நம்பிக் கைகட்டி நின்றிருக்கிறார். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தும், இதை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

விருந்து நன்றாக நடந்தது. கடைசிப் பந்தியை வாசித்தார்கள். முடித்த புத்தகத்திடமே, உன்னிடம் திரும்பி வருவோம் என்று சொல்லிக்கொள்வது அவர்கள் வழக்கமாம். "முடிஞ்சா மூடி வைக்கிறேல்லையோ இவை?" என்று அம்மா கேட்டார். கொட்டவேண்டும் என்று வாதாடிய பல் வைத்தியர் மூன்று கோப்பை சூப் குடித்தார்.

திரும்பி வரும்போது மெட்ரோவில் அம்மா எனக்குப் பக்கத்தில் இருக்கவில்லை, எதிரில் இருந்தார். இரண்டு தரிப்பு கழிந்த பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னார். "எங்கட வீட்டுக் கிணத்தில சில ஆக்களை நாங்கள் அள்ள விடுறேல்லை. அவை கையை ஏந்துவினம், நாங்கள்தான் தண்ணி வாத்து விடுறது. நானும் வாத்தனான். அதுதான் அந்தாள் குறுக்க வந்து நிண்ட உடன எனக்கு அப்பிடிப் பட்டது." தீட்டை அம்மா வாங்கி அறிந்தவர் அல்ல, கொடுத்து அறிந்தவர். அதனால்தான் அது இல்லாத இடத்திலும் அவருக்குத் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு இது விளங்கவில்லை. விளங்கிய நாளிலிருந்து அம்மாமேல் எனக்குக் கோபமும் மரியாதையும் சேர்ந்தே இருக்கின்றன.

அந்தக் கிழமை முழுவதும் அம்மா என்னோடு தேவைக்குத்தான் கதைத்தார். பின்னேரங்களில் கதவைச் சாத்திக்கொண்டு லாசாலில் இருக்கும் சின்னம்மாவோடு தொலைபேசியில் இருந்தார். சின்னம்மா வந்து பத்து வருடம், இங்கிலிஷ் தெரியும். ஒரே வரியை அம்மா திரும்பத் திரும்பச் சொல்வது கதவுக்கு வெளியே கேட்டது. நான் போய், "அம்மா, நான் சொல்லித் தாறன்" என்றேன்.

"வேண்டாம்" என்றார்.

அடுத்த ஞாயிறு நெருப்புக்காரர் லைற்றரை எடுத்தார். அம்மா சுவருக்குத் திரும்பவில்லை. அவருக்கு முன்னால் போய் நின்றார். கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக வைத்தார்.

"லாஸ்ற் சன்டே. ஃபயர் வென்ற் அவுட். ஐ லைற். ஃப்ரொம் யுவர் ஃபயர்."

ஊருக்கே தெரிந்த கதை. அவர் அதை முதல் தரம் கேட்கிறவரைப் போலத் தலையைச் சாய்த்து, முடியும் வரைக்கும் நின்று கேட்டார். "சொன்னதற்கு நன்றி" என்றார். பிறகு ஒரேயொரு அடுப்பைப் பற்றவைத்து, லைற்றரை ஆணியில் மாட்டிவிட்டு, மரக்குச்சிக் கட்டை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். மற்ற ஐந்து அடுப்பையும் இதிலிருந்து நீங்களே பற்றவைக்கலாம் என்று சொல்லிவிட்டு, மொழிபெயர்க்கச் சொல்லி என்னைப் பார்த்தார்.

நான் வாயைத் திறந்தேன்.

"ஐ அண்டர்ஸ்ராண்ட்" என்றார் அம்மா, குச்சியை வாங்கியபடி.